கூத்து நோட்டீசில் விடுபடும் பெயர்கள்

பங்குனி பிறந்துவிட்டால் பெருமுக்கல், திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் என்று இந்த வட்டாரம் நெடுகத் திரௌபதியம்மன் கோயில்களில் கொடியேறத் தொடங்கிவிடும். ஆடி வரைக்கும் ஏதாவதொரு ஊரில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடந்துகொண்டே இருக்கும். அந்தத் திருவிழாக்களுக்கு அச்சடிக்கும் நோட்டீசை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். பந்தல் யார் உபயம், மின்விளக்கு யார் உபயம், மாலை யார், அன்னதானம் யார் என்பதெல்லாம் தகப்பனார் பெயரோடு வரிசையாக இருக்கும். ஊர்ப் பெரியவர்கள், கட்சிக்காரர்கள், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று ஒருவர் பெயரும் விடுபட்டிருக்காது. விடிய விடிய ஆடப்போகும் கூத்துக்கு மட்டும் ஒரே வரி: கதையின் பெயர், நாடக மன்றத்தின் பெயர், சில வேளைகளில் வாத்தியாரின் பெயர். நகரத்துச் சினிமா சுவரொட்டியிலும் இதே கணக்குதான். ஒரு முகம் சுவரை நிறைத்து நிற்கும். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அடிவரிசையில் இருப்பார்கள். கலையை ஒருவர் படைக்கிறார், மற்றவர்கள் அவருக்கு உதவுகிறார்கள் என்ற நம்பிக்கையிலிருந்து வருகிற வழக்கம் இது. நாடகமும் திரைப்படமும் உண்மையில் உருவாகும் விதத்தோடு இந்த நம்பிக்கை பொருந்தவில்லை. பொருந்தாத நம்பிக்கையின் விலையைக் கலைஞர்கள்தான் கொடுக்கிறார்கள்.

ஒரு கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, இரவு முழுக்க என்ன செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். மிருதங்கமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து களரி கட்டுகின்றன. அந்தச் சத்தம் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போய் ஆட்களை எழுப்பிக் கொண்டுவருகிறது. கட்டியங்காரன் வந்து கூட்டத்தோடு பேசி, சிரிக்க வைத்து, கதைக்குள் அழைத்துப் போகிறான். முக்கிய வேஷம் உடனே வெளிப்படுவதில்லை. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று திரைவிருத்தம் பாடுகிறார். கூட்டத்துக்குத் தெரிவது கிரீடத்தின் முனையும் சலங்கை கட்டிய காலும் மட்டுமே. துரியோதனன் பெரியவன் என்ற எண்ணம் அந்த நிமிடங்களில்தான் மனதில் விழுகிறது. அதை உண்டாக்குவதில் ஆடுகிறவருக்கு இருக்கும் பங்கு திரையைப் பிடிக்கும் இரண்டு கைகளுக்கும் இருக்கிறது. எப்போது இறக்குவது, எவ்வளவு இறக்குவது என்பதில் அவர்கள் தவறினால் வேஷம் அங்கேயே சிறுத்துப்போகும்.

திரை விலகிய பிறகும் அப்படித்தான். வேஷக்காரர் ஒரு வரியைப் பாடி முடித்ததும் பின்பாட்டுக்காரர்கள் அதை ஏந்திக்கொள்கிறார்கள். மரத்தால் செய்த கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் மார்ப்பதக்கத்தையும் சுமந்துகொண்டு கிறுகி அடிக்கும் ஒருவருக்கு மூச்சு வாங்கக் கிடைக்கும் இடைவெளி அதுதான். பின்பாட்டு ஓங்கினால் அவர் இன்னும் இரண்டு சுற்று ஆடுவார். தளர்ந்தால் அவரும் தளர்வார். மிருதங்கக்காரர் வேஷத்தின் காலைப் பார்த்தபடியே இருக்கிறார். அடியை முடிக்கப்போகிறாரா நீட்டப்போகிறாரா என்பது ஆடுகிறவருக்குத் தெரியும் அதே கணத்தில் அவருக்கும் தெரிந்தாக வேண்டும். கட்டைகளை இழைத்துக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தவர் ஒருவர். எந்த வேஷத்துக்கு எந்த நிறம் என்று அறிந்து முகம் எழுதியவர் இன்னொருவர். இவர்களில் யாரை எடுத்துவிட்டு மற்றவர்களை மட்டும் வைத்தால் கர்ண மோட்சக் கூத்து கர்ண மோட்சமாக இருக்கும்?

ஜமாவோடும் இது முடிவதில்லை. அர்ச்சுனன் தபசில் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தின் மேல் ஏறிப் பாடி, எலுமிச்சம்பழங்களை வீசுகிறார். கீழே பிள்ளை வரம் வேண்டி மடியேந்தி நிற்கும் பெண்கள் இல்லாவிட்டால் அந்தக் காட்சியே இல்லை. கடைசி நாள் காலையில் படுகளத்துக்காக மண்ணைக் குழைத்துத் துரியோதனனை ஆள் உயரத்தைப் பல மடங்கு தாண்டிய உருவமாகத் தரையில் படுக்க வைக்கிறார்கள். பிரசங்கியார் பல நாட்களாகச் சொல்லி வந்த கதையும் கூத்தாடிகள் பல இரவுகளாக ஆடிவந்த கதையும் அந்த மண்ணுருவத்தின் மேல் வந்து சேர்கின்றன. துரியோதனனும் வீமனும் அதைச் சுற்றி ஆடுகிறார்கள், திரௌபதி கூந்தலை முடிக்கிறாள், ஊர் அழுகிறது, சாமி வந்து ஆடுகிறது, மாலையில் தீ மிதிக்கிறது. செஞ்சி வட்டாரத்தைத் திரௌபதி வழிபாட்டின் மையமாகக் கண்டு 1988-இல் விரிவான நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் அல்ஃப் ஹில்டபைட்டல், பிரசங்கம், கூத்து, கோயில் சடங்கு மூன்றையும் ஒன்றோடொன்று வைத்தே படித்தார். தனித்தனியாகப் பிரித்தால் எதற்கும் முழுப் பொருள் கிடைக்காது.

இந்தக் கூட்டு உழைப்பை நம் முன்னோர் அறியாதவர்கள் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி மேடையில் கால் வைப்பதற்கு முன் இளங்கோவடிகள் யார் யாரையெல்லாம் அறிமுகப்படுத்துகிறார் என்று பாருங்கள். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் எழுதும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும் என்பதை விரித்துச் சொல்கிறார். பிறகு அரங்குக்கு வருகிறார். எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். மூன்று வகைத் திரைகள். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்ற குறிப்பு. இன்று ஒளியமைப்பாளர் என்று நாம் சொல்லும் ஆளின் கவலையை அன்றே ஒரு கவிஞர் காவியத்தில் எழுதி வைத்திருக்கிறார். நாடகம் என்றால் என்ன என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்ய இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் காதையின் முடிவையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அரசன் கொடுக்கும் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் மாதவிக்குப் போகின்றன. அத்தனை ஆசிரியர்களுக்கும் இலக்கணம் சொன்ன காவியம் அவர்களில் ஒருவருக்கும் பெயர் சொல்லவில்லை. திருவிழா நோட்டீசின் ஒரு வரி அத்தனை பழைய வழக்கம்.

திரைப்படத்துக்கு வந்தால் விழுப்புரத்துக்குச் சொந்தமான ஒரு சான்றே இருக்கிறது. வி. சி. கணேசன் என்ற பெயரில் உள்ள ‘வி’ விழுப்புரம். 1952 தீபாவளிக்கு வெளியான பராசக்தியின் நீதிமன்றக் காட்சியை சிவாஜி கணேசனின் காட்சி என்றே தமிழகம் நினைவில் வைத்திருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் காட்சி எப்படி வந்தது? கதை பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து வந்தது. வசனம் மு. கருணாநிதி எழுதியது. இயக்கியவர்களே இருவர், கிருஷ்ணனும் பஞ்சுவும். இசை ஆர். சுதர்சனம். படப்பிடிப்பு தொடங்கிய பின் இந்தப் புதுமுகம் சரிவராது என்று ஏவி.எம். மெய்யப்பன் தயங்கியதும், நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள் விடாப்பிடியாக நின்று அவரையே நடிக்க வைத்ததும் எல்லோரும் அறிந்த வரலாறு. அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் அந்த முகம் திரையில் இருந்திருக்காது. மூச்சு விடாமல் அடுக்கிச் சொல்லும் அந்தக் குரலும் ஒரே நாளில் வந்ததில்லை. சிறுவயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேஷம் முதல் எல்லா வேஷமும் கட்டி, ஊர் ஊராகப் போய் உருவேறிய குரல் அது. சிவாஜியின் மேதைமையை இது ஒரு துளியும் குறைக்காது. அந்த மேதைமை எத்தனை பேர் போட்ட பாதையில் நடந்து வந்தது என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நாடகத்துக்கும் படத்துக்கும் கூட்டு உழைப்பில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாடகத்தில் எல்லோரும் ஒரே இரவில், ஒரே இடத்தில், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஒருவர் தடுமாறினால் அடுத்தவர் அங்கேயே தாங்கிப் பிடிக்கலாம். படத்தில் அந்தக் கூட்டம் மாதக் கணக்கில் சிதறிக் கிடக்கிறது. நடிகர் தன் பங்கை முடித்துவிட்டுப் போன பிறகு படத்தொகுப்பாளர் அதில் எதை வைப்பது என்று தீர்மானிக்கிறார். முகம் ஒருவருடையது, குரல் டப்பிங் கலைஞருடையது, கேட்கும் காலடிச் சத்தம் ஒலிக்கூடத்தில் வேறொருவர் எழுப்பியது. 1987-இல் வந்த நாயகன் படத்தில் நாம் பார்த்த பம்பாய்ச் சேரி, தோட்டா தரணி சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் எழுப்பியது. அதைச் சேரியாக நம்பவைத்த ஒளி பி. சி. ஸ்ரீராமுடையது. கமல்ஹாசனுக்குத் தேசிய விருது கிடைத்த அதே படத்துக்காக இவர்கள் இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது. சரியான செயல். அந்தத் தெருவை ஆணியடித்து, சாயம் பூசி எழுப்பிய தச்சர்களையும் பெயிண்டர்களையும் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும், வலுவான மறுப்புதான். ஆயிரம் பேர் உழைத்தாலும் பார்வை ஒருவருடையதாக இருந்தால்தான் படைப்பு ஒன்றாக நிற்கும், பானையில் எல்லோரும் உப்புப் போட்டால் குழம்பு கெடும் என்பார்கள். பிரான்சில் 1954-இல் ஃபிரான்சுவா த்ரூஃபோ எழுதிய கட்டுரையிலிருந்து, படத்தின் ஆசிரியர் இயக்குநரே என்ற கருத்து உலகெங்கும் பரவியது. தயாரிப்பாளர்களின் கட்டளைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இயக்குநரின் சுதந்திரத்துக்காக அந்த வாதம் தேவைப்பட்டது; பல நல்ல படங்களை நாம் புரிந்துகொள்ளவும் அது உதவியது. ஒரு பார்வை வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். கூத்திலும் வாத்தியார் இருக்கிறார், அவர் சொல்தான் கடைசிச் சொல். ஆனால் வழிநடத்துவது ஒரு வேலை, எல்லாவற்றையும் படைப்பது வேறு வேலை. இதற்கு சத்யஜித் ராயையே எடுத்துக்கொள்ளலாம். திரைக்கதை எழுதியவர், பின்னாளில் இசையும் அமைத்தவர், உடைகளையும் சுவரொட்டிகளையும் வரைந்தவர், தனி ஆளாகப் படம் எடுப்பவருக்கு அவரைவிடப் பெரிய உதாரணம் இந்தியாவில் இல்லை. அவருடைய அபராஜிதோவில் காசி வீட்டு முற்றம் ஸ்டுடியோவில் பன்சி சந்திரகுப்தா போட்ட அரங்கம். வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் போலவே அங்கே ஒளி விழ வேண்டும் என்பதற்காக, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பவைத்தவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. அந்த முற்றத்தின் மெல்லிய வெளிச்சம் ராயின் பார்வையில் இருந்தது. அதற்கு வழி கண்டவர் மித்ரா. பின்னால் வந்த எத்தனையோ ஒளிப்பதிவாளர்கள் அந்த வழியில் போனார்கள்.

முகத்தைப் பார்த்துத்தானே ஜனம் டிக்கெட் வாங்குகிறது, திரை பிடிப்பவரையும் தச்சரையும் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. கூட்டத்தை இழுப்பவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்கட்டும், சுவரொட்டியில் பெரிதாகவும் போடட்டும். அதை யாரும் தடுக்கவில்லை. சந்தை தரும் மதிப்பையே படைப்பின் உண்மையாக எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்திலும் பத்திரிகை விமர்சனத்திலும் விருது மேடையிலும் அதையே திரும்பச் சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒரு படத்தைப் பற்றி மூன்று பத்தி எழுதும் விமர்சகர் படத்தொகுப்பைப் பற்றி ‘கச்சிதம்’ என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார் என்றால் வாசகர் எதைக் கற்றுக்கொள்வார்?

மூன்றாவது மறுப்புதான் எனக்கு மிகவும் கனமானது. கிராமத்துக் கூட்டுக் கலையை ஏன் இப்படிப் புகழ வேண்டும், அங்கே யார் எந்த வேலை செய்வது என்பதைச் சாதிதானே தீர்மானித்தது என்பது அந்தக் கேள்வி. உண்மை. பறையடிப்பவர், துணி விரிப்பவர், மண் சுமப்பவர் பலர் விரும்பிச் சேர்ந்தவர்கள் அல்லர். ஊர் கட்டாயப்படுத்தியதால் செய்தவர்கள். இதே விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதியில், தர்மராஜா திரௌபதியம்மன் கோயில் திருவிழாவின்போது, 2023 ஏப்ரலில் கோயிலுக்குள் போன தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் வருவாய்த்துறை கோயிலுக்கே சீல் வைக்கும் நிலை வந்தது. பாரதக் கதையை ஊரே சேர்ந்து நடத்துகிறது என்று பெருமை பேசுகிறவர், அந்த ஊர் என்ற எல்லைக்குள் யார் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்களின் நிலையும் அப்படித்தான். திரௌபதியின் கதையை ஆண்களே பெண் வேஷம் கட்டி ஆடிவந்தார்கள். பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் காஞ்சிபுரம் அருகே நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் முறையாகப் பயின்று துரியோதனனாகவும் கர்ணனாகவும் மேடையேறியது நமக்கு அண்மைக் காலச் செய்தி. இந்தக் குறைகளால் என் வாதம் இன்னும் அவசரமாகிறது. கட்டாயத்தில் செய்யப்பட்ட உழைப்பு கூலியும் பெயரும் இல்லாமல் ‘ஊர்க் கலை’ என்ற பொதுச்சொல்லுக்குள் மறைந்துபோனது. அதைக் கலைஞரின் உழைப்பாக மாற்ற வேண்டுமென்றால், செய்கிறவருக்கு மறுக்கும் உரிமையும் சம்பளமும் பெயரும் வேண்டும்.

பெயர் என்பது வெறும் மரியாதை விஷயமாகவும் நின்றுவிடவில்லை. சட்டத்திலும் அதற்கு எடை இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ தயாரிப்பாளர். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தங்கள் பாடல் வேறு வழிகளில் பயன்படும்போது வரும் உரிமத்தொகையில் பங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்து இழக்க முடியாது என்ற பாதுகாப்பு 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அதே திருத்தம் இன்னொன்றையும் சொல்கிறது. படத்தில் தற்செயலாக வந்துபோகிறவர், துறை வழக்கப்படி பெயர்ப் பட்டியலில் குறிப்பிடப்படாதவர் என்றால், சிதைவுக்கு எதிரான ஓர் உரிமையைத் தவிர மற்றபடி அவர் ‘நிகழ்த்துநர்’ ஆகமாட்டார். பட்டியலில் பெயர் ஏறுவதும் ஏறாததும் உரிமையின் எல்லையையே தொடுகிறது. ஆபத்தோ இப்படி ஆள் பார்ப்பதில்லை. 2020 பிப்ரவரியில் சென்னை அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்கள். படம் பார்ப்பவர்களுக்கு அப்படி எத்தனை பேர் அங்கே நிற்கிறார்கள் என்பது அந்த மாதிரி ஒரு செய்தி வரும்போது மட்டும் தெரிவது கொடுமை.

கூட்டு உழைப்பை மதித்து நடந்தால் கலை வளரும் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. புரிசை நடேசத் தம்பிரானின் கர்ண மோட்சத்தைப் பார்த்து அசந்துபோன எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். நடிகனைத் தனியாகத் தயாரிக்காமல், உடல், குரல், தாளம், சக நடிகனைக் கவனிப்பது என்று குழுவாகவே பயிற்றுவித்த இடம் அது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் அங்கிருந்து திரைக்கு வந்தவர்கள். அவர்கள் இருக்கும் காட்சியில் எதிரே நிற்பவரின் நடிப்பும் கூர்மையாகிறது, கவனித்துப் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். கூத்துக் களரியில் மிருதங்கக்காரர் காலைப் பார்ப்பது போன்ற அந்தக் கவனம் நகரத்து மேடைக்கும், அங்கிருந்து கேமராவுக்கும் வந்து சேர்ந்த வழி இது.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. சிறார் திரைப்படங்களும் திரையிடப்படுகின்றன. நல்ல தொடக்கம். ஆனால் நாடகப் போட்டியில் பரிசு ‘சிறந்த நடிகர்’ என்ற ஒரு பிள்ளையோடு நின்றுவிடக் கூடாது. திண்டிவனத்திலோ மரக்காணத்திலோ ஒரு பள்ளியில் பத்துப் பிள்ளைகள் நாடகம் போடும்போது, எழுதியவள், அரிதாரம் பூசியவன், விளக்கைப் பார்த்துக்கொண்டவள், திரை இழுத்தவன் எல்லோரும் மேடைக்கு வந்து நான் என்ன செய்தேன் என்று இரண்டு வாக்கியம் சொல்லட்டும். மதிப்பெண்ணில் அதற்கும் பங்கு இருக்கட்டும். திரையிடல் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் ஓடும்போது விளக்கைப் போட்டு வகுப்பைக் கலைக்காமல், அதில் உள்ள ஒரு வேலையை எடுத்து, இவர் என்ன செய்திருப்பார் என்று ஆசிரியர் பிள்ளைகளைக் கேட்கட்டும். விழுப்புரத்துக்குக் கிழக்கே காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தில், சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளியே இருக்கிறது. அங்கே படித்தவர்களை இந்த மாவட்டப் பள்ளிகளுக்கு அழைத்துப் பயிற்சி கொடுப்பதற்குத் தூரம் ஒரு தடையே இல்லை.

கோயில் குழுக்களிடம் கேட்பது இன்னும் சிறியது. வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவை ஒப்பந்தம் செய்யும்போதே அதில் வரப்போகிறவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஆள் மாறும், கடைசி நேரத்தில் வேறொருவர் வருவார், நோட்டீசில் இடமில்லை என்பார்கள். மாறினால் அன்றிரவு ஒலிபெருக்கியில் சொல்லலாம். மொய் எழுதியவர்களின் பெயரை நடுக்கூத்தில் நிறுத்தி வாசிக்கும் ஒலிபெருக்கிதானே அது. உபயதாரர் பட்டியலுக்குக் கிடைக்கும் இடத்தில் ஓர் ஓரம் போதும். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், பின்பாட்டு, ஒப்பனை, கட்டியங்காரன், திரை பிடிப்பவர்கள் என்று பத்துப் பதினைந்து பெயர்கள், அவர்களின் ஊர்களோடு. அடுத்த பங்குனிக்கு அச்சகத்துக்குப் போகும் நோட்டீசில் அவை இருக்க வேண்டும்.